ஆச்சியின் கொட்டானில் ஒரு கேஸ் மாத்திரை

போன மாதம் காரைக்குடியில் என் கிளினிக்குக்கு ஓர் ஆச்சி வந்தார், எழுபதைத் தாண்டியவர். ஓலைக்கொட்டானுக்குள் கையை விட்டு ஒவ்வோர் அட்டையாக மேசையில் வைத்தார். சுகருக்கு மெட்ஃபார்மின், தைராய்டுக்கு ஒன்று, அப்புறம் பான்டோபிரசோல் 40, அதாவது நம்மூரில் எல்லோரும் சொல்கிற கேஸ் மாத்திரை.

"இதைப் போட்டும் விசேஷத்துக்குப் போயிட்டு வந்தா நெஞ்சு எரியுது தம்பி."

"எப்போ போடுறீங்க ஆச்சி?"

"மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவுனதும்."

இங்கேதான் பலரும் தப்பு செய்கிறார்கள். இரைப்பைச் சுவரில் அமிலத்தை இறைக்கிற நுண்ணிய பம்புகள் இருக்கின்றன, சாப்பாடு உள்ளே வரும்போதுதான் அவை மும்முரமாக ஓடும். இந்த மாத்திரை ஓடுகிற பம்பைத்தான் பூட்டும், சும்மா கிடப்பதைத் தொடாது. அதுவும் நேரே வயிற்றில் வேலை செய்வதில்லை. மேலுறையோடு குடலுக்குப் போய், கரைந்து, ரத்தத்தில் ஏறி, சுற்றிக்கொண்டு வந்துதான் பம்பைப் பிடிக்கிறது. ரத்தத்தில் அது தங்குவதோ சில மணி நேரம்தான். அதனால்தான் காலைப் பலகாரத்துக்கு அரை மணி முன்னால் போடச் சொல்கிறோம். பூட்டிய பம்பு திறக்காது, புதிது முளைக்க வேண்டும், ஆகவே ஒரு மாத்திரை ஒரு நாளைக்குத் தாங்கும். முழுப் பலன் தெரிய மூன்று நான்கு நாள் ஆகும். நசுக்கிப் போட்டால் மேலுறை போச்சு, அமிலமே மருந்தைக் கெடுத்துவிடும்.

பந்தியில் கந்தரப்பமும் மசாலாச் சீயமும் ஒரு கை பார்த்துவிட்டு வந்து அப்போதே எரிகிறதா, அதற்கு ஜெல் மருந்து போதும். இருக்கிற அமிலத்தை உடனே சமன் செய்யும், சீக்கிரம் தீர்ந்தும் போகும். ஆனால் ஜெல்லையும் தைராய்டு மாத்திரையையும் சேர்த்துப் போடாதீர்கள், நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

வெளியூர்க்காரர்கள் அல்சருக்கு நம் வரமிளகாயைத்தான் குற்றம் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் எச்.பைலோரி என்ற கிருமி, இல்லையென்றால் வலி மாத்திரை. அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தவர்களுக்கு 2005இல் நோபல் பரிசே கொடுத்தார்கள்.

சரி, ஆச்சிக்கு இதை யார், எதற்கு ஆரம்பித்தார்கள்? விசாரித்தால், மூட்டுவலி மாத்திரை வயிற்றைப் புண்ணாக்காமல் இருக்கத் துணைக்கு எழுதியது. வலி மாத்திரையை நிறுத்தி இரண்டு வருடம் ஆகிவிட்டது, துணைக்கு வந்தது மட்டும் போகவில்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான், ஆரம்பிக்கிற கை நிறுத்தும் தேதியை எழுதுவதே இல்லை. வருடக்கணக்கில் போட்டால் பி12 வைட்டமின் குறையலாம், மெட்ஃபார்மினும் சேர்ந்தால் இன்னும். மெக்னீசியமும் இறங்கலாம்.

அதற்காக இன்றைக்கே தூக்கிப் போட்டுவிடாதீர்கள். திடீரென்று விட்டால் அமிலம் முன்னைவிட அதிகமாகச் சுரந்து சில வாரம் எரியலாம், வியாதி திரும்பிவிட்டது என்று மறுபடி கடைக்கு ஓடுவீர்கள். இதயத்துக்கு ஆஸ்பிரின் போடுபவர்களும் அல்சரில் ரத்தம் கசிந்தவர்களும் டாக்டரைக் கேட்காமல் கை வைக்கவே கூடாது.

இன்னொன்று, நெஞ்சை அழுத்தி வியர்த்துக் கொட்டினால் வாயு என்று சோடா குடித்துவிட்டுப் படுக்காதீர்கள். ஈசிஜி எடுங்கள். மலம் கறுப்பாகப் போனாலும், சோறு தொண்டையில் சிக்கினாலும் கேஸ் மாத்திரையால் மூடி மறைக்காதீர்கள்.

ஆச்சிக்கு பி12 குறைவாகத்தான் இருந்தது. ஊசி போடுகிறோம். கேஸ் மாத்திரை இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள், காலை இட்லிக்கு முன்னால். அடுத்த மாதம் பேத்தி கல்யாணமாம், கொட்டானில் ஜெல் பாட்டிலுக்கு இடம் ஒதுக்கிவிட்டார்.