பாட்டியின் ‘உஸ்’ ஒலிக்கு நான்கு மாதக் குழந்தை இணங்குவது எப்படி?

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய மகனுக்கு நான்கு மாதம் முடிந்திருக்கிறது. தலை நின்ற நாளிலிருந்து, காலையில் குழந்தை கண் விழித்தவுடன் மாமியார் அவனைப் புறக்கடைக்குத் தூக்கிச் சென்று, கால்களை நீட்டி அமர்ந்து, தம் இரு பாதங்களின்மேல் அவனை உட்காரவைத்து ‘உஸ்ஸ்’ என்று ஒலி எழுப்புகிறாராம். பெரும்பாலான நாட்களில் ஓரிரு நிமிடங்களுக்குள் சிறுநீரும், பல நாட்களில் மலமும் கழிந்துவிடுகின்றனவாம். வெளிநாட்டில் வாழும் நாத்தனாரோ, இரண்டு வயதுக்கு முன்னால் அதற்குரிய நரம்புகளே முதிர்ந்திருக்க மாட்டா, எனவே இது தற்செயல், வற்புறுத்தினால் கெடுதலும்கூட என்று சொல்கிறாராம். ‘இருவரில் யார் சொல்வதை நான் கேட்பது?’ என்பது அவருடைய கேள்வி.

இருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. சிறுநீரைக் கட்டுப்படுத்துதல் என்று நாம் ஒரே தொடரால் குறிப்பிடுவது இரண்டு வேறுபட்ட திறன்களை. ஒன்று, அடக்கிவைத்தல். மற்றொன்று, உரிய இடத்தில் தளர்த்தி விடுதல். நாத்தனார் முதலாவதைப் பற்றிப் பேசுகிறார். மாமியார் இரண்டாவதைப் பழக்குகிறார். இந்த இரண்டாவது திறனைப் பற்றி மருத்துவ நூல்கள் நெடுங்காலம் போதிய அக்கறை காட்டவில்லை என்பது என் கருத்து. அது உடலுக்குள் நடக்கும் விதமோ வியந்து வியந்து படிக்கத்தக்கது.

சிறுநீரகங்கள் இரத்தத்தை வடித்துச் சிறுநீரைப் பிரிப்பதும், அது இரு குழாய்கள் வழியே சிறுநீர்ப்பைக்கு வந்து சேர்வதும் பள்ளிப் பாடத்தில் படித்தவையே. பையின் சுவர் முழுவதும் தசையால் ஆனது. அதன் வாயிலில் இரண்டு சுருக்குத் தசைகள் உள்ளன. உட்புறம் இருப்பது நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாதது, வெளிப்புறம் இருப்பதை நாம் விரும்பி இறுக்கவும் தளர்த்தவும் முடியும். கைக்குழந்தை ஏறத்தாழ மணிக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கிறது. இவ்வளவும் நினைவில் இருந்தால் மேலே செல்லலாம்.

பை நிறைந்துவிட்டது என்பது மூளைக்கு எப்படித் தெரிகிறது? சுவர் விரியும்போது அதிலுள்ள செல்களிலும் நரம்பு முனைகளிலும் ‘பியசோ2’ என்னும் புரதம் இழுபட்டுத் திறந்துகொள்கிறது. மின்னூட்டம் கொண்ட அயனிகள் உள்ளே பாய்கின்றன. நரம்பில் மின்துடிப்பு எழுகிறது. இந்தப் புரதக் குடும்பத்தைக் கண்டறிந்த ஆர்டெம் படபூட்டியன் 2021-இல் மருத்துவ நோபல் பரிசை டேவிட் ஜூலியஸுடன் பகிர்ந்துகொண்டார். பியசோ2 புரதம் செயல்படாத நிலையில் பிறந்தவர்கள் சிலர் உலகில் உள்ளனர். பை நிறைந்த உணர்வு அவர்களுக்குச் சரிவரத் தெரிவதில்லை என்றும், பலர் கடிகாரத்தைப் பார்த்தே கழிப்பறைக்குச் செல்கின்றனர் என்றும் 2020-இல் வெளியான ஆய்வு காட்டியது.

செய்தி போய்ச் சேர்ந்த பிறகு நடப்பதுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. பை சுருங்கி, அந்த அழுத்தத்தால் வாயில் திறந்துகொள்கிறது என்றே பலரும் எண்ணுகிறோம். நடப்பது அதற்கு நேர்மாறானது. வெளிச் சுருக்குத் தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்து பார்த்தால், சிறுநீர் கழிக்கும்போது முதலில் நிகழ்வது அந்தத் தசை அடங்கிப்போவதே. வாயில் தளர்ந்து வழி விட்ட பிறகே பையின் சுவர் சுருங்கத் தொடங்குகிறது. மதகைத் திறக்காமல் ஏரி நீரைத் தள்ளினால் கரை என்ன ஆகும் என்று நம் உழவர்களுக்குத் தெரியும். உடலும் அந்த ஒழுங்கை அறிந்து வைத்திருக்கிறது. இந்த இரண்டு செயல்களையும் வரிசை பிறழாமல் இணைக்கும் மையம் மூளைத்தண்டில், தண்டுவடத்துக்குச் சற்று மேலே இருக்கிறது. ஃபிரெடரிக் பாரிங்டன் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1925-இல் பூனைகளில் செய்த ஆய்வின் வழியாக அதை அடையாளம் கண்டார். இன்றும் அது அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. விபத்தில் தண்டுவடம் முறிந்து அந்த மையத்தின் தொடர்பை இழந்தவர்களுக்கு, பை சுருங்கும் அதே நேரத்தில் வாயிலும் இறுகிக்கொள்ளும் துன்பம் நேர்வதுண்டு. திறப்பதற்கும் தள்ளுவதற்கும் இடையிலான இணக்கம் தானாக அமைந்துவிடுவதன்று என்பதை அவர்களுடைய நிலை உணர்த்துகிறது.

பிறந்த குழந்தையிடம் இந்த இணக்கம் அரைகுறையாகத்தான் இருக்கிறது. கைக்குழந்தை சிறுநீர் கழிப்பதைக் கூர்ந்து கவனித்தவர்கள், பல நேரங்களில் அது ஒரே தாரையாக வராமல் விட்டு விட்டு வருவதைக் கண்டிருப்பார்கள். நடுவில் வாயில் மீண்டும் இறுகிக்கொள்வதே அதற்குக் காரணம். அதனால் ஒவ்வொரு முறையும் பையில் சிறிது மிஞ்சிவிடுகிறது. இது அந்த வயதுக்கு இயல்பே. ஆயினும் தேங்கிய நீரில் கிருமிகள் பெருக வாய்ப்பு அதிகம் என்பதால், பை முழுவதும் காலியாகப் பழகுவது குழந்தைக்கு நன்மையே.

மூளைக்கு இதில் பங்கே இல்லை, குழந்தை சிறுநீர் கழிப்பது தண்டுவடம் மட்டுமே நடத்தும் அனிச்சைச் செயல் என்றுதான் ஒரு தலைமுறைக்கு முன்புவரை கற்பித்தார்கள். 1995-இல் வெளியான ஓர் ஆய்வில், தூங்கும் கைக்குழந்தைகளின் சிறுநீர்ப்பை அழுத்தத்தையும் மூளை மின்னலைகளையும் சேர்த்தே பதிவு செய்தபோது வேறொன்று தெரியவந்தது. ஆழ்ந்த உறக்கத்தில் பை அமைதியாகவே இருந்தது. சிறுநீர் கழிவதற்கு முன்னால் குழந்தை அசைந்தது, முனகியது, அல்லது ஒரு கணமேனும் விழிப்பு நிலைக்கு வந்தது. பை நிறைவது பச்சிளங்குழந்தையின் மூளைக்கும் எட்டுகிறது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை. தூளியில் கிடக்கும் பிள்ளை நெளிந்தவுடன் ‘ஒண்ணுக்கு வருது போல’ என்று சொல்லி எழுந்துபோகும் பாட்டி, அந்தக் கருவிகள் பதிவு செய்ததைத்தான் கண்ணால் படிக்கிறார்.

இனி ‘உஸ்’ ஒலிக்கு வருவோம். அந்த ஒலிக்குத் தனியாக எந்த ஆற்றலும் இல்லை. தொடக்கத்தில் குழந்தை கழித்துக்கொண்டிருக்கும்போதே பெரியவர் ஒலி எழுப்புகிறார். ஒலியும், தசை தளரும் உணர்வும், காற்றுப்படும் வெற்றுடம்பும், பாதத்தின்மேல் அமர்ந்த நிலையும் மீண்டும் மீண்டும் ஒன்றாக நிகழ்கின்றன. சில வாரங்களில் ஒலி முன்னால் வந்தாலும் தசை தளர்கிறது. பாவ்லோவ் நாய்களிடம் கண்ட பழக்கப்பட்ட அனிச்சைச் செயலே இது. அங்கே மணி ஓசைக்கு உமிழ்நீர் சுரந்தது, இங்கே உதட்டொலிக்கு வாயில் தளர்கிறது. ஒலி பையைச் சுருங்கச் செய்ய வேண்டியதில்லை; வாயிலைத் தளர்த்தினால் போதும், மற்றதை மூளைத்தண்டு பார்த்துக்கொள்ளும். பாதி நிறைந்த பையிலிருந்துகூட இதனால் சிறுநீர் வெளியேறுகிறது. கென்யக் கடற்கரையின் டிகோ மக்களிடையே தாய்மார் கால்களை நீட்டி அமர்ந்து, குழந்தையைக் கால்களுக்கிடையே தாங்கி, ‘ஷூஸ்’ என்று ஒலி எழுப்புவதை 1977-இல் டிவ்ரீஸ் என்ற ஆய்வாளர் தம்பதியர் பதிவு செய்தனர். வியட்நாமில் அது மெல்லிய சீழ்க்கை. தம்முள் தொடர்பே இல்லாத மக்கள், ஓடும் நீரை ஒத்த ஒலியையே தேர்ந்திருப்பதை எண்ணும்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது.

வியட்நாமில் நடந்தது அளந்து பார்த்த ஆய்வு. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்களும் வியட்நாம் மருத்துவர்களும் சேர்ந்து 47 தாய்மாரையும் அவர்களுடைய குழந்தைகளையும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 2013-இல் வெளியிட்டனர். பிறந்தது முதல் குறிப்பறிந்து, மூன்று மாத அளவில் சீழ்க்கையால் நினைவூட்டி வந்த அந்தத் தாய்மாரின் குழந்தைகள் எல்லாரும் ஒன்பது மாதத்தில் கழிகலத்தை, அதாவது குழந்தைகள் அமர்ந்து கழிக்கும் சிறு கலத்தை, பயன்படுத்தினர். அவர்களுடைய சிறுநீர்ப்பை, அதே வயது ஸ்வீடன் குழந்தைகளின் பையைவிட முழுமையாகக் காலியாயிற்று. ஸ்வீடன் குழந்தைகள் அந்த நிலையை எட்ட ஏறத்தாழ மூன்று வயதாயிற்று. திறப்பதும் தள்ளுவதும் இணங்கிச் செல்லப் பழக்கம் உதவுகிறது என்று இதிலிருந்து கருத இடமிருக்கிறது.

மலத்தைப் பொறுத்தவரை மாமியாரின் வேலை இன்னும் எளிது. இரைப்பைக்குள் பால் இறங்கியவுடன் பெருங்குடல் அசைந்து கொடுக்கும் அனிச்சைச் செயல் எல்லாரிடமும் உண்டு. குழந்தைகளிடம் அது வலுவாக இருக்கிறது. ஆகவே பால் குடித்த சிறிது நேரத்திலும், தூங்கி எழுந்த உடனேயும் அமர்த்தினால் பலன் கிடைக்கிறது. பாதத்தின்மேல் அமரும்போது குழந்தையின் தொடைகள் வயிற்றை நோக்கி மடங்குகின்றன. மலக்குடலைச் சுற்றி வார்போல் இழுத்துப் பிடித்து அதை வளைத்து வைத்திருக்கும் ஒரு தசை, அந்த நிலையில் நெகிழ்கிறது, வளைவு நிமிர்கிறது, முக்காமலே மலம் இறங்குகிறது. மல்லாந்து படுத்த குழந்தை முகம் சிவக்க முக்குவதைப் பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

இப்போது நாத்தனாரின் தரப்பையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அடக்கிவைக்கும் திறன் முன்மூளையிலிருந்து வர வேண்டியது; அது வளர ஆண்டுகள் ஆகும்; அதைப் பயிற்சியால் விரைவுபடுத்த முடியும் என்பதற்கு நல்ல சான்று இல்லை. சூரிச் நகரில் ரேமோ லார்கோவும் அவருடைய குழுவினரும், 1950-களில் பிறந்த குழந்தைகளையும் அவர்களுக்கு ஒரு தலைமுறைக்குப் பின் பிறந்தவர்களையும் ஒப்பிட்டனர். முதல் தலைமுறைக் குழந்தைகளை ஓராண்டுக்குள்ளேயே கழிகலத்தில் அமர்த்திப் பழக்கினர். அடுத்த தலைமுறைக்கு மிகவும் தாமதமாகவே தொடங்கினர். ஆயினும் சிறுநீரைத் தானே அடக்கும் திறன் இரு தலைமுறையினருக்கும் ஏறத்தாழ ஒரே வயதில்தான் வந்தது. அமெரிக்காவில் பெரி பிரேசல்டன் என்ற குழந்தை மருத்துவர் 1962-இல் 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து, குழந்தை ஆயத்தமாகும்வரை காத்திருக்கும் முறையை முன்வைத்தார். கண்டிப்பும் தண்டனையும் நிறைந்திருந்த அக்கால வழக்கத்துக்கு எதிராக அவர் பேசியது பெரிய நன்மை. டிகோ குழந்தை ஐந்தாறு மாதத்தில் நனையாமல் இருப்பதற்கும், பிரேசல்டன் பதிவுகளில் சராசரியாக 28.5 மாதத்தில் பகல் பயிற்சி முடிவதற்கும் முரண்பாடு இல்லை. அங்கே குழந்தையும் பெரியவரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்கின்றனர். இங்கே குழந்தை தனியாகச் செய்வதைக் கணக்கிடுகின்றனர்.

பேம்பர்ஸ் என்னும் டயப்பர் 1961-இல் விற்பனைக்கு வந்தது. 1980-களில் தன் எடையைப்போல் பல மடங்கு நீரை உறிஞ்சும் வேதிப்பொருள் டயப்பர்களில் சேர்ந்தது. நகரத்தில் வேலைக்குச் செல்லும் தாய்க்கும், நீண்ட ரயில் பயணத்துக்கும் அது தரும் உதவியை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஈரம் என்ற செய்தியே குழந்தைக்கும் தாய்க்கும் எட்டாமல் போய்விடுகிறது. கற்றுக்கொள்வதற்கு ஒரு செயலும் அதன் விளைவும் அடுத்தடுத்து உணரப்பட வேண்டும். ஒரு நாளில் ஒரு மணி நேரமேனும் டயப்பர் இல்லாமல் விடுவதை நான் பரிந்துரைக்கக் காரணம் இதுவே.

நம் ஊர்களில் எத்தனையோ வீடுகளில் இன்றும் நடக்கும் ஒன்றை ஸ்வீடன் நாட்டவர் வியட்நாமுக்குச் சென்று அளந்து சொல்ல, நாம் அதைப் படித்துத் தெரிந்துகொள்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கழித்த பின் பையில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று பார்க்க ஒரு சாதாரண ஸ்கேன் கருவி போதும். ஊசி இல்லை, வலி இல்லை. நம் மருத்துவக் கல்லூரிகளின் குழந்தை நலத் துறைகளும் அங்கன்வாடிகளும் கைகோத்தால், பாதத்தில் அமர்த்திப் பழக்கிய குழந்தைகளையும் டயப்பரில் வளர்ந்த குழந்தைகளையும் ஒப்பிட்டு, மலச்சிக்கலும் சிறுநீர்த் தொற்றும் யாருக்குக் குறைவு என்று சில ஆண்டுகளில் சொல்லிவிட முடியும். பெரிய இயந்திரங்களுக்குக் கிடைக்கும் ஆய்வு நிதியில் ஒரு சிறு துளி இதற்குப் போதும்.

இதோடு ஒட்டிய ஒரு மூடநம்பிக்கையையும் கண்டிக்காமல் விட எனக்கு மனம் இல்லை. ஐந்து வயதிலும் படுக்கையை நனைக்கும் பிள்ளைக்குத் தாயத்துக் கட்டுவதும், சூடு வைப்பேன் என்று மிரட்டுவதும், உறவினர் முன் பரிகசிப்பதும் இன்னும் நிற்கவில்லை. அந்த வயதில் நூற்றுக்கு ஏறக்குறைய பதினைந்து குழந்தைகள் இரவில் நனைக்கின்றனர். பெரும்பாலும் அது குடும்பவழி வருவது. ஆண்டுதோறும் அவர்களில் ஒரு பகுதியினருக்குத் தானாகவே நின்றுவிடுகிறது. தாயத்தும் அந்தக் காலத்தில் கட்டப்பட்டதால் அதற்குப் பெயர் கிடைக்கிறது. உதவி வேண்டுவோருக்கு, முதல் துளி ஈரத்திலேயே மணியடித்து எழுப்பும் விரிப்பை மௌரர் தம்பதியர் 1938-லேயே விளக்கி எழுதியிருக்கின்றனர். அதுவும் பழக்கப்பட்ட அனிச்சைச் செயலை நம்பியதே.

ஈரோட்டு வாசகிக்கு நான் சொல்லக்கூடியது இது. மாமியார் செய்வதைத் தடுக்க வேண்டாம். காலையில் கண் விழித்தபோதும், பால் குடித்த பின்னும் நீங்களும் அமர்த்திப் பாருங்கள். நெளிவு, திடீர் அமைதி, பால் குடிக்கும்போது வாயை எடுத்து எடுத்துச் சிணுங்குதல் ஆகியவற்றைக் கவனித்து வந்தால் சில வாரங்களில் அவனுடைய குறிப்பு உங்களுக்குப் பிடிபடும். இரண்டு நிமிடத்துக்குமேல் உட்காரவைக்க வேண்டாம். தவறிப்போன நாளில் துணியை மாற்றிவிட்டு அடுத்த வேலையைப் பாருங்கள். தவழத் தொடங்கும் எட்டு, ஒன்பது மாதத்தில் பல குழந்தைகள் திடீரென்று உட்கார மறுக்கின்றனர். அப்போது வற்புறுத்தினால் வாயிலை இறுக்கிப் பிடிக்கத்தான் அவன் பழகுவான், மலத்தையும் அடக்கத் தொடங்கிவிடுவான். முதுகை வில்லாக வளைத்து விறைத்துக்கொண்டால் உடனே தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். சில நாட்கள் விட்டுவிட்டு மீண்டும் அமர்த்தலாம். சிறுநீர் சொட்டுச் சொட்டாக மட்டுமே வந்தாலோ, ஆண் குழந்தைக்குத் தாரை வலுவின்றி இருந்தாலோ, காரணம் தெரியாத காய்ச்சல் வந்தாலோ, அதைப் பழக்கத்தின் கணக்கில் சேர்க்காமல் அன்றே குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.