மெழுகுத்தாள் காப்பாற்றிய கையெழுத்து

"சீன எழுத்துக்கலையின் உச்சம் என்று சொல்லப்படும் லான்டிங் முன்னுரையின் மூலப்படி இன்று இல்லையாமே, அப்புறம் எதைப் பார்த்து அழகு என்கிறார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். பதிலில் ஒரு பேரரசரும் கொஞ்சம் ஒளியியலும் வருகிறார்கள்.

கி.பி. 353-இல், லான்டிங் என்ற இடத்தில் நடந்த ஒரு வசந்தகால விருந்தில் நண்பர்கள் புனைந்த கவிதைகளுக்கு எழுத்துக்கலைஞர் வாங் ஷீஜி எழுதிய முன்னுரை அது. 28 வரி, 324 எழுத்து. தாங் பேரரசர் தைசோங்குக்கு (ஆட்சி 626–649) வாங் ஷீஜியின் கையெழுத்தென்றால் பித்து. நாடெங்கும் தேடித் திரட்டினார். ஜின் வம்ச வரலாற்றில் வாங் ஷீஜியைப் பற்றிய மதிப்புரையைத் தானே எழுதினார். முன்னுரையின் மூலப்படி அவரோடு கல்லறைக்குள் போய்விட்டது என்பார்கள். செத்தவர் படிப்பார் என்று நம்பி இப்படி ஒன்றைப் புதைப்பதை என்னால் மன்னிக்க முடியவில்லை. நல்லவேளை, அதற்கு முன்பே அரண்மனை ஆட்களைக் கொண்டு படியெடுக்க வைத்திருந்தார்.

அந்தப் படியெடுப்புதான் அற்புதம். பார்த்து எழுதினால் எழுதுபவரின் கைப்பழக்கம் உள்ளே புகுந்துவிடும். அதனால் அவர்கள் எழுதவே இல்லை. மூலத்தின்மேல் தாளை விரித்து, ஒவ்வொரு கோட்டின் இரு விளிம்புகளையும் மயிரிழைத் தூரிகையால் வரைந்தார்கள். பிறகு உள்ளே மையை நிரப்பினார்கள். தூரிகை முடி பிரிந்து விழுந்த கீற்றுகள், வாங் ஷீஜி அடித்துத் திருத்திய இடங்கள் எல்லாம் அப்படியே வந்தன.

சரி, தாள் வழியே அடியில் இருப்பது எப்படித் தெரியும்? சன்னல் வெளிச்சத்தில் பிடித்தும் பார்த்தார்கள். தாளைச் சூடாக்கி மெழுகும் பூசினார்கள். தாள் வெள்ளையாகத் தெரிவது நாரின் நிறத்தால் அல்ல, நார்களுக்கு நடுவே அடைந்திருக்கும் காற்றால். நாரின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதன் அளவு, சுமார் 1.5, காற்றுக்கு 1. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் ஒவ்வொரு எல்லையிலும் ஒளி கொஞ்சம் திரும்புகிறது, கொஞ்சம் வளைகிறது. ஆயிரம் எல்லைகள் தாண்டுவதற்குள் திசையெல்லாம் சிதறிவிடுகிறது. உருகிய மெழுகு அந்த இடைவெளிகளுக்குள் இறங்கிக் காற்றை வெளியேற்றுகிறது. மெழுகின் எண் சுமார் 1.44, அதாவது நாருக்கு மிக அருகில். எல்லை இருந்தும் ஒளிக்கு அது பெரிதாகத் தெரிவதில்லை, நேரே போய்விடுகிறது. பஜ்ஜி வைத்த செய்தித்தாளில் பின்பக்க எழுத்து தெரிவதும் இதனால்தான்.

9-ஆம் நூற்றாண்டுக் கலை வரலாற்றாளர் ஒருவர், படியெடுக்க நூறு தாள்களை மெழுகிட்டுத் தயாராக வைத்திருக்கச் சொல்கிறார். மெழுகின் ஒளிவிலகல் எண் அவருக்குத் தெரியாது, வேலை நடந்துவிட்டது.

அந்த அரண்மனை ஆட்களில் ஒருவரான ஃபெங் செங்சு எடுத்ததாகக் கருதப்படும் படி பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாங் ஷீஜியின் கைப்பட எழுதியது என்று உறுதியாகச் சொல்லத்தக்க ஒரு தாள்கூட மிஞ்சவில்லை. எல்லோரும் பார்த்துப் பழகியது படிகளையும், படிகளிலிருந்து கல்லில் வெட்டியவற்றையும்தான். யாரைப் படியெடுப்பது என்று முடிவு செய்ததும் தைசோங்தான். வாங் ஷீஜியின் மகன் வாங் ஷியென்ஜியும் பெரிய கலைஞர். அதே மதிப்புரையில் அவர் எழுத்தைப் பனிக்காலத்துப் பட்டமரம் என்று எழுதிவைத்துவிட்டார் பேரரசர். கருவூலத்தைத் திறப்பவரின் ரசனை எதை வாழவைக்கும், எதைப் பட்டினி போடும் என்பதை இன்றைய ஆய்வு மானியக் குழுக்களும் கொஞ்சம் யோசிக்கலாம்.