திருவனந்தபுரத்துக்குத் தமிழில் மனு எழுதும் உரிமை

மூணாறு எஸ்டேட் லயம் (தொழிலாளர் வரிசை வீடு) ஒன்றில் வசிக்கும் மூதாட்டி ஒருவர், நின்றுபோன விதவை ஓய்வூதியத்தைக் கேட்டுத் தமிழில் எழுதிய மனுவை ஓர் அலுவலகத்தில் நீட்டியபோது, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் முதல் வரியைக்கூடப் படிக்காமல், மலையாளத்தில் எழுதிக்கொண்டு வரும்படி தாளைத் திருப்பித் தள்ளினார். வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு மலையாளத்தில் எழுதித் தந்தார், பாட்டி கையெழுத்திட்டார். அதில் நிலுவைத் தொகை கேட்கப்படவே இல்லை, புதிதாக ஓய்வூதியம்தான் கேட்கப்பட்டிருந்தது என்பது, மனு தள்ளுபடியான பிறகே எங்களுக்குத் தெரிந்தது. படிக்கத் தெரியாத எழுத்தில் உள்ள மனுவில் கையெழுத்திடாதீர்கள்.

1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டை சென்னை மாநிலத்துக்குப் போக, மூணாறு அடங்கிய தேவிகுளமும் பீருமேடும் கேரளத்தில் நின்றன. அதற்கு முன்பு போலவே அதன் பிறகும் இங்குள்ள தமிழருக்குத் தலைநகர் திருவனந்தபுரம். அந்தத் தலைநகருக்குத் தமிழில் எழுத இரண்டு ஆதாரங்கள் உண்டு. குறைதீர்க்கக் கோரும் மனுவை, மாநிலத்திலோ ஒன்றியத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எந்த அதிகாரிக்கும் கொடுக்கலாம் என்கிறது அரசியலமைப்பின் 350-ஆவது பிரிவு. ஆனால் பதில் எந்த மொழியில் வர வேண்டும் என்று அது சொல்லவில்லை. 1969-ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தம் மொழியிலேயே எழுதவும், அதே மொழியில் பதில் பெறவும் வழிசெய்தது. மனுவின் தலைப்பிலேயே 350-ஆவது பிரிவைக் குறிப்பிடுங்கள். மாநிலச் சட்டம் எப்படித் திருத்தப்பட்டாலும் அது நிற்கும்.

சிக்கல் உள்ளூர் அலுவலகங்களில்தான். உள்ளூர் அலுவலகங்களில், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அரசு அறிவித்த இடங்களில் உள்ளவற்றுக்கு மட்டுமே 1969-ஆம் ஆண்டுச் சலுகை பொருந்தும் என்பதால், அப்படி அறிவிக்கப்படாத ஊரில், அடுத்த தெருவில் உள்ள வில்லேஜ் ஆபீஸில் தமிழில் பதில் கேட்பதைவிட, மலையிறங்கி ஒரு பகல் பயணம் செய்து சேர வேண்டிய தலைநகரில் கேட்பது எளிது என்ற விசித்திரம் ஏற்படுகிறது. மேலும், இந்தச் சட்டம் பேசுவது கடிதப் போக்குவரத்தைப் பற்றி. அச்சிட்ட மலையாளப் படிவத்தைத் தமிழில் நிரப்பினால் ஏற்றே ஆக வேண்டும் என்று வாதாட அதை நம்ப வேண்டாம்.

அடுத்த அலைக்கழிப்பு இது: தலைநகருக்கு அனுப்பிய மனு, அங்கிருந்து கலெக்டரேட், தாலுகா ஆபீஸ் என்று இறங்கி, முதலில் உங்களைத் திருப்பி அனுப்பிய அதே மேசைக்கு வந்து சேரும். ஆகவே பொத்தாம்பொதுவாக முதலமைச்சருக்கு எழுதாமல், சம்பந்தப்பட்ட துறைத் தலைவருக்கு எழுதுங்கள்; கீழே யார் எந்தத் தேதியில் மறுத்தார் என்பதையும் சேருங்கள். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதை மனுவின் நகலோடு தைத்து வையுங்கள். கோப்பு எண் கிடைக்கும்வரை உங்கள் மனு அலுவலகத்தைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை.

கோப்பு எங்கே நிற்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்பவர்கள் விழும் குழி வேறு. அந்தச் சட்டத்தின் 6-ஆவது பிரிவின்படி விண்ணப்பம் ஆங்கிலம், இந்தி அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழியில் இருக்க வேண்டும். மனுவுக்கான தமிழ் உரிமையை இங்கே காட்டிச் சண்டையிட்டு, பதிலுக்கான 30 நாளை வீணாக்காதீர்கள். நம்பிக்கையான ஒருவரிடம் நான்கு வரி ஆங்கிலத்தில் எழுதி வாங்கி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்பை ஒட்டுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்துவிட வேண்டும்.

ஆந்திரத்தின் சித்தூர், நகரிப் பக்கத்துத் தமிழருக்கும் 350-ஆவது பிரிவு உண்டு, ஆனால் 1969-ஆம் ஆண்டுக் கேரளச் சட்டம் பொருந்தாது. பழைய படிவங்களில் ஹைதராபாத் முகவரி அச்சாகியிருந்தால் அதற்கு அனுப்பாதீர்கள். ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் அது பொதுத் தலைநகராக இருந்த ஏற்பாடு 2024 ஜூன் 2-இல் முடிந்துவிட்டது, ஆந்திரத் தலைமைச் செயலகம் இருப்பது அமராவதியில், வெலகபூடியில்.

பாட்டியின் இரண்டாவது மனுவைத் தமிழிலேயே எழுதித் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினோம். ஏழு வாரம் கழித்துப் பதில் வந்தது, மலையாளத்தில். தமிழில் பதில் வேண்டும் என்று, கோப்பு எண்ணைக் குறித்து, மறுநாளே மூன்றாவது கடிதத்தைத் தபாலில் சேர்த்தோம்.