கிறிஸ்தவ ஒன்றிப்பு: சொல்லும் பொருளும்

இறையியல் கல்லூரிகளில் ‘எக்குமெனிக்கல்’ என்று எழுத்துப்பெயர்ப்பாகவே வழங்கும் சொல்லுக்குத் தமிழில் பொருத்தமான ஈடு ‘கிறிஸ்தவ ஒன்றிப்பு’ என்பதாகும். மூவொரு கடவுளின் பெயரால் திருமுழுக்குப் பெற்றும் பல சபைகளாகப் பிரிந்து நிற்பவர்கள், அந்தப் பிரிவினையை இயல்பென்று ஏற்றுக்கொள்ளாமல், மீண்டும் ஒரே குடும்பமாக வாழ முயல்வதையே இச்சொல் குறிக்கிறது. பல சமயத்தார் கூடிப் பேசுவதற்குப் ‘பல்சமய உரையாடல்’ என்று தனிப்பெயர் உண்டு; அதையும் இதையும் ஒன்றாக்கி எழுதுவது இரண்டின் பொருளையும் கெடுத்துவிடும்.

மூலச்சொல் கிரேக்கம். ‘ஓய்க்கோஸ்’ என்றால் வீடு. அதிலிருந்து வந்த ‘ஓய்க்குமெனே’ என்பதற்கு மக்கள் குடியிருக்கும் நிலப்பரப்பு, அதாவது குடியேறிய உலகம் என்பது பொருள். உரோமைப் பேரரசின் காலத்தில் அது பேரரசின் ஆட்சிப்பரப்பையே சுட்டியது. அகுஸ்துராயன் ‘உலகமெங்கும்’ குடிமதிப்பு எழுதக் கட்டளையிட்டான் என்று லூக்கா தம் நற்செய்தி நூலில் எழுதுமிடத்தில் இருப்பது இச்சொல்தான். 325இல் நீசேயாவில் ஆயர்கள் கூடிய சங்கம் இவ்வடைமொழியைப் பெற்றபோது, ஒரு வட்டாரத்துக்கு உரியதாக இல்லாமல் திருச்சபை முழுவதையும் கட்டுப்படுத்தும் சங்கம் என்ற பொருள் ஏறியது. பிரிந்த சபைகளை ஒன்றுசேர்க்கும் முயற்சி என்ற பொருள் இருபதாம் நூற்றாண்டில்தான் வேரூன்றியது.

அந்த நீசேயாச் சங்கம் வகுத்த நம்பிக்கை அறிக்கை ‘ஒரே கடவுளை நம்புகிறோம்’ என்று பன்மையில் தொடங்குகிறது. இன்று வழிபாட்டில் ‘நம்புகிறேன்’ என்று ஒருமையில் சொல்கிறோம், இரண்டும் தேவை. நம்பிக்கை ஒவ்வொருவரும் தாமே தெரிந்துகொள்ள வேண்டியது. பழைய ஏற்பாட்டில், இஸ்ரயேல் மக்களைச் சீகேம் என்னும் ஊரில் கூட்டி, யாரைச் சேவிப்பீர்கள் என்று இன்று தெரிந்துகொள்ளுங்கள் என்று கேட்ட யோசுவா, ‘நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்’ என்றார். தனி மனிதரின் தெரிவு அங்கே ஒரு வீட்டாரின் தெரிவாகவும் இருந்தது. ஒரே கடவுளைத் தெரிந்துகொண்டவர்கள் ஒருவரையொருவர் விட்டு விலகி நிற்பது அந்தத் தெரிவுக்கே முரணானது என்பதுதான் ஒன்றிப்பு இயக்கத்தின் அடிப்படை. கூட்டமைப்புகளும் தீர்மானங்களும் அதற்குப் பிறகு வருபவை.

இந்த இயக்கத்தின் வரலாற்றில் தமிழருக்கு நேரடிப் பங்கு உண்டு. 1910இல் எடின்பரோவில் நடந்த உலக மறைப்பணி மாநாட்டில், திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, மேலைநாட்டு மறைப்பணியாளர்கள் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு நண்பர்களாக வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இங்கிலாந்துத் திருச்சபை மரபைச் சேர்ந்த ஆங்கிலிக்க சபையில், இந்தியரான முதல் பேராயராக 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குத் திருநிலைப்படுத்தப்பட்ட அவர், 1919இல் தரங்கம்பாடியில் பல சபைகளின் ஊழியர்கள் கூடிச் சபை ஒற்றுமைக்கு அழைப்பு விடுத்தபோது முன்னின்றார். மேலைநாட்டில் தோன்றிய பிளவுகளை இந்தியக் கிறிஸ்தவர்கள் ஏன் சுமக்க வேண்டும் என்ற ஆதங்கம் அதன் பின்னே இருந்தது. இருபத்தெட்டு ஆண்டுப் பேச்சுவார்த்தைக்குப் பின், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. ஆங்கிலிக்க, மெதடிஸ்ட் சபையாரும், பிரெஸ்பிட்டேரியர், காங்கிரிகேஷனலிஸ்டுகள் ஏற்கெனவே இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையாரும் அதில் ஒன்றாயினர். 1945இல் காலமான அசரியா அந்நாளைக் காணவில்லை. 1948இல் ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றம் அமைந்தது. கத்தோலிக்கத் திருச்சபை 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் ஏட்டின் வழியாக இம்முயற்சியைத் தன்னுடையதாக்கிக்கொண்டது.

தமிழில் ‘ஐக்கியம்’, ‘ஒருமைப்பாடு’, ‘இணைப்பு’ ஆகியவையும் புழங்குகின்றன. ஐக்கியம் நல்ல சொல்லே. ஆனால் ‘ஐக்கியம் பிதாவோடும்’ என்று யோவான் நிருபத்தில் வருவதுபோல, உறவில் பங்குகொள்ளுதல் என்ற பொருளுக்கு அது முன்பே உரியதாகிவிட்டது. இணைப்பு என்றால், இரண்டு நிறுவனங்களைச் சேர்த்துக் கட்டுவதாகத் தோன்றும். ஒருமைப்பாடு முடிந்துபோன நிலையைக் காட்டுகிறது. ‘ஒன்று’ என்னும் வினையடியிலிருந்து ஒன்றித்தல் வழியாக வந்த ஒன்றிப்பிலோ, இன்னும் நடந்துகொண்டிருக்கும் செயல் தெரிகிறது. கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து மொழிபெயர்த்த திருவிவிலியம் 1995இல் வெளிவந்தும், இரு சாராரும் ஒரே பந்தியில் நற்கருணை கொள்ள இன்றும் இயலாத நிலையில், செயலைக் காட்டும் சொல்லே உண்மையான சொல் என்று கருதுகிறேன்.

எனவே சனவரி 18 முதல் 25 வரை வேண்டுதல் செய்யும் நாள்களைக் ‘கிறிஸ்தவ ஒன்றிப்பு வாரம்’ என்றும், சபைகள் கூடி நடத்தும் ஆராதனையை ‘ஒன்றிப்பு வழிபாடு’ என்றும் எழுதலாம். நீசேயா முதலிய பழைய சங்கங்களுக்கு மட்டும் இச்சொல் பொருந்தாது; அங்கே ‘பொதுச்சங்கம்’ என்பதே சரியான வழக்கு.