கர்னல்: தமிழில் கருநிரல்

தமிழ் நாளிதழ் படிப்பவர்களுக்குக் கர்னல் என்றால் ராணுவ அதிகாரிதான். இயங்குதளத்தின் மையத்தில் இருக்கும் நிரலான கணினிக் கர்னலுக்கும் அவருக்கும் உறவில்லை. ஆங்கிலத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து. ஒலிப்பு மட்டுமே ஒன்று. கணினியின் கர்னல், தானியத்தைக் குறித்த 'கார்ன்' என்ற சொல்லின் குறுமை வடிவம். பழைய ஆங்கிலத்தில் 'சிறு விதை' என்று பொருள். கொட்டைக்குள் இருக்கும் பருப்பையும் சோளக்கதிரின் மணியையும் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

இந்தப் பெயருக்கு ஒரு ஜோடி உண்டு. யூனிக்ஸ் என்ற இயங்குதளத்தில் நாம் கட்டளை தட்டும் வெளிப்பகுதி 'ஷெல்', அதாவது ஓடு. நினைவகத்தைப் பங்கிடுவது, எந்த நிரலுக்கு எப்போது செயலியைத் தருவது என்று முடிவெடுப்பது, வட்டு, விசைப்பலகை போன்ற சாதனங்களோடு பேசுவது எல்லாம் உள்ளே இருக்கும் பருப்பின், அதாவது கர்னலின் வேலை.

தமிழில் கருனி, கருநிரல் என்று இரண்டு சொற்கள் உண்டு. என் ஓட்டு கருநிரலுக்கே. அது ஒரு நிரல் என்பது சொல்லிலேயே தெரிகிறது. தவிர, முட்டைக்கும் ஓடு, கரு இரண்டும் இருப்பதால் ஆங்கில ஜோடி தமிழிலும் உடையாமல் நிற்கிறது. பருப்பு என்று பெயர்த்திருந்தால் பேச்சுத் தமிழில் சிரிப்புதான் மிஞ்சும்.

புதிதாக வருபவர்கள் கருநிரலையும் இயங்குதளத்தையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது வழக்கம். 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டது கருநிரலை மட்டுமே. சரியாகச் சொன்னால் லினக்ஸ் என்பது அந்தக் கருநிரலின் பெயர். உபுண்டு, டெபியன் எல்லாம் அதைச் சுற்றிக் கட்டிய இயங்குதளங்கள். ஆகவே 'கஸ்டம் கர்னல்' போடுவது, அதாவது நம் தேவைக்கேற்ற கருநிரலை நாமே தொகுத்து நிறுவுவது, இயங்குதளத்தையே மாற்றுவது ஆகாது. உங்கள் கோப்புகளும் மேசைத்தளமும் அப்படியே இருக்கும்.

அப்படித் தொகுக்க, லினக்ஸின் மூலநிரலை (சோர்ஸ் கோட்) இறக்கி, 'மேக் மெனுகான்ஃபிக்' என்று தட்டினால் ஆயிரக்கணக்கான தெரிவுகள் வரும். பலவற்றுக்கு மூன்று விடைகள்: கருநிரலுக்குள்ளேயே சேர், தனிக் கூறாக வை, வேண்டாம். இந்தத் தனிக் கூறுதான் 'மாட்யூல்'. எல்லாவற்றையும் படித்துத் தேர்ந்தெடுக்கப் பார்த்தால் தலை சுற்றும். அதற்கு முன்பே 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கொடுத்துவிடுங்கள். அந்த நேரத்தில் ஏற்றப்பட்டிருக்கும் கூறுகளை மட்டும் அது வைத்துக்கொள்ளும். அதனால் பென்டிரைவ், வெப்கேம் என்று நீங்கள் பயன்படுத்தும் எல்லாவற்றையும் முதலில் செருகிவிடுங்கள். விட்டுப்போனவற்றுக்கான இயக்கி (டிரைவர்) புதிய கருநிரலில் இல்லாமல் போகலாம்.

அப்புறம் 'மேக்' என்ற கட்டளை மூலநிரலைக் கணினி இயக்கக்கூடிய வடிவில் தொகுக்கும். பழைய மடிக்கணினி என்றால் பொறுமை வேண்டும். 'மேக் மாட்யூல்ஸ் இன்ஸ்டால்', 'மேக் இன்ஸ்டால்' இரண்டும் நிறுவும். முதலில் சொன்னது கூறுகளுக்கு, அடுத்தது கருநிரலுக்கு. பழைய கருநிரலை அழிக்காதீர்கள். புதியது எழும்பாமல் போனால், கணினி தொடங்கும்போது வரும் கிரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து உள்ளே போய்விடலாம்.

'கஸ்டம்' என்பதற்குத் 'தனிப்பயன்' என்ற சொல் இருக்கிறது. படிவத்துக்குச் சரி. பேசும்போது 'நானே தொகுத்த கருநிரல்' என்றாலே போதும்.