நேர்கோடு ஏன் வலப்பக்கம் ஓடுகிறது?

வியாசர்பாடியிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு ஸ்க்ரோல் சா மெஷின் வாங்கியிருக்கிறார்களாம். மெஷின் ஒருவர் வீட்டில் சில வாரம் இருக்கும், அப்புறம் அடுத்தவர் வீட்டுக்குப் போகும். இப்படியே வியாசர்பாடி, கொளத்தூர், தண்டையார்பேட்டை என்று சுற்றி வருகிறது. வரைபடங்களும் அதோடு சேர்ந்தே கை மாறுகின்றன. இப்போது எல்லோரும் பழைய கேரம் போர்டு பிளைவுட்டில் சிக்குக் கோலம் வெட்டுகிறார்கள். அவர் கேள்வியை அப்படியே தருகிறேன்:

"சார், கோலத்தோட வளைவெல்லாம் அழகா வந்துடுது. சுத்தி இருக்கிற சதுரச் சட்டம்தான் வர மாட்டேங்குது. நேரா தள்ளினா பிளேடு கோட்டை விட்டு வலப்பக்கம் ஓடுது. மூணு வீட்லயும் இதே கதைதான். மெஷினுக்கு ராசி இல்லைன்னு ஒருத்தர் சொல்றார். மெஷின்ல கோளாறா, எங்க கையில கோளாறா?"

கோளாறு இரண்டிலும் இல்லை. அது பிளேடில் இருக்கிறது. பிளேடு செய்யும்போதே அதில் படிந்துவிடுகிற, கண்ணுக்குச் சட்டென்று தெரியாத ஒரு பிசிறில் இருக்கிறது.

மெஷினைத் தெரியாதவர்களுக்காக ஒரு சுருக்கம். தையல் மெஷினில் ஊசி ஏறி இறங்குவது மாதிரி இதில் ஒரு மெல்லிய ரம்பப் பிளேடு ஏறி இறங்கும். மோட்டாரின் சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக மாற்றுவது பள்ளியில் படித்த கிராங்க் தத்துவம்தான். பிளேடு நின்ற இடத்திலேயே ஆட, பலகையை நாம் நகர்த்துகிறோம். வழக்கமான பிளேடின் நீளம் 5 அங்குலம். ஒரு வீச்சில் அது சுமார் 19 மி.மீ இறங்கி ஏறும். நிமிடத்துக்கு 400 முதல் 1800 வீச்சு வரை வைக்கலாம். 1000 வீச்சில் ஓடும்போது பிளேடின் உச்ச வேகம் நொடிக்கு 1 மீட்டர் வரும், அவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு வீச்சின் நுனியிலும் அது நின்று திரும்ப வேண்டும். அந்தத் திருப்பத்தில் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல 10 மடங்கைத் தாண்டும், 1800 வீச்சில் 30 மடங்கையும் தாண்டும். மேசை அதிர்வது இதனால்தான். மெஷினைக் கனமான மேசையில் போல்ட் போட்டு இறுக்கச் சொல்வதும் இதனால்தான்.

அடுத்தது இழுவிசை. 1 மி.மீ அகலமும் 0.4 மி.மீ தடிமனும் உள்ள ஒரு எஃகுத் துண்டுக்குச் சொந்தமாக விறைப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. 120 மி.மீ இடைவெளியில் இரு முனையையும் பிடித்துவிட்டு நடுவில் பக்கவாட்டில் தள்ளினால் அது என்ன எதிர்ப்பு காட்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறகு அதே பிளேடை 10 கிலோ எடை தொங்குகிற அளவுக்கு இழுத்துக் கட்டினால் என்ன ஆகும் என்றும் பார்த்தேன். எதிர்ப்பு 25 மடங்குக்கும் மேல் கூடுகிறது. ஆக, பிளேடை நேராக நிற்க வைப்பதில் எஃகின் விறைப்புக்குச் சிறு பங்குதான், இழுவிசைதான் பெரும்பாலான வேலையைச் செய்கிறது. அவ்வளவு இறுக்கியும் நடுவில் 100 கிராம் எடை அளவுக்குப் பக்கவாட்டில் அழுத்தினால் பிளேடு சுமார் 0.3 மி.மீ ஒதுங்கும். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இறுக்கம் போதுமா என்று பார்க்க, பிளக்கைப் பிடுங்கிவிட்டு பிளேடை விரலால் மீட்டிப் பாருங்கள். வீணைத் தந்திக்கு உள்ள அதே விதிதான் இதற்கும். நான் சொன்ன அளவுகளுக்குச் சுருதி சுமார் 740 ஹெர்ட்ஸ் வரும். இழுவிசையை நாலு மடங்காக்கினால்தான் ஒரு ஸ்தாயி ஏறும். மொத்தென்று ஒலித்தால் தளர்வு, 'டிங்' என்று தெளிவாக ஒலித்தால் சரி. நகைப் பட்டறைகளில் வில் மாதிரிச் சட்டத்தில் மெல்லிய ரம்பம் மாட்டுகிறவர்களும் இப்படித் தட்டிக் கேட்டுத்தான் இறுக்கம் பார்ப்பார்கள். கருவியே இல்லாமல் காதால் இழுவிசையை அளக்கிறார்கள்!

சரி, பிசிறுக்கு வருவோம். எனக்கு இந்த மெஷினில் மிகவும் பிடித்த சங்கதி இதுதான்.

பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலையிலோ எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளிலோ தகட்டில் துளை போட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். துளையின் ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். கருவி வெளியேறுகிற மறுபக்கத்தில் உலோகம் நசுங்கிப் பிதுங்கி, கையைக் கீறும் பிசிறாக நிற்கும். ஸ்க்ரோல் சா பிளேடிலும் இதேதான் நடக்கிறது. எஃகுப் பட்டையில் பற்களை வெட்டும்போது வெட்டும் கருவி ஒரு பக்கத்தில் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது. அந்த மறுபக்கத்தில் ஒவ்வொரு பல்லின் ஓரத்திலும் நுண்ணிய பிசிறு தங்கிவிடும். பிளேடை மாட்டி, பற்கள் நம்மைப் பார்த்து இருக்கும்போது, பெரும்பாலான பிளேடுகளில் இந்தப் பிசிறு நம் வலப்பக்கம் வரும். பிளேடின் இரு பக்கத்தையும் விரல் நுனியால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் சொரசொரப்பாக இருப்பது தெரியும்.

இனி மரத்துக்குள் என்ன நடக்கிறது? பிளேடு கீழே இறங்குகிறது. பல்லின் வல ஓரம் இட ஓரத்தைவிடக் கூர்மை, ஒரு துளி வெளியே நீட்டிக்கொண்டும் இருக்கிறது. அதனால் வலப்பக்கச் சுவர் கொஞ்சம் கூடுதலாகச் சுரண்டப்படுகிறது. வலப்பக்கம் இடம் கிடைக்கிறது, இடப்பக்கம் மரம் நெருக்குகிறது. 100 கிராம் அழுத்தத்துக்கே 0.3 மி.மீ ஒதுங்குகிற பிளேடு இது. அது சும்மா இருக்குமா? வலப்பக்கம் ஒரு மயிரிழை ஒதுங்கும். அடுத்த வீச்சு அந்தப் புதிய இடத்திலிருந்து தொடங்கும், இன்னொரு மயிரிழை ஒதுங்கும்.

எவ்வளவு ஒதுங்கினால் நம் கண்ணுக்குத் தெரியும்? நொடிக்கு 3 மி.மீ வேகத்தில் பலகையைத் தள்ளுகிறோம், மெஷின் 1000 வீச்சில் ஓடுகிறது என்றால், ஒரு வீச்சுக்குப் பலகை நகர்வது 0.18 மி.மீ. ஒவ்வொரு வீச்சிலும் பிளேடு வெறும் 0.01 மி.மீ வலப்பக்கம் ஒதுங்குவதாக வைத்துக்கொள்வோம். அந்த விகிதம் 3 டிகிரிக்குச் சற்று மேல் ஒரு கோணம். 200 மி.மீ நீளச் சட்டத்தை வெட்டி முடிக்கும்போது கோட்டிலிருந்து 11 மி.மீ தள்ளிப் போயிருப்போம்! ஒரு சென்டிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, வீச்சுக்கு வீச்சு சேர்ந்து செய்யும் வேலை இது.

இதில் இன்னும் அழகான விஷயம், பிளேடு மேலும் மேலும் வளைந்து வட்டமடிக்காமல் ஒரே கோணத்தில் நின்றுவிடுவது. காரணம் பிளேடின் முதுகு. பற்கள் வலப்பக்கம் முகம் திருப்பும்போது, பின்னால் வரும் முதுகு தான் வெட்டி வந்த பிளவின் சுவரில் உரசுகிறது. எவ்வளவு திரும்புகிறதோ அவ்வளவு உரசல். பிசிறு இழுக்கும் விசையும் முதுகு தடுக்கும் விசையும் சமமாகும் கோணத்தில் பிளேடு நிலைகொள்கிறது. அதே பிளேடு, அதே மரம், அதே இறுக்கம் என்றால் கோணமும் ஏறக்குறைய அதேதான். இறுக்கத்தைக் கூட்டினால் ஓட்டம் முழுதாக நின்றுவிடாது. அது ஒரே சீராகும், அவ்வளவுதான். ஒரே சீரான பிழையை அளந்துவிடலாம், அளந்ததைச் சரிக்கட்டிவிடலாம். தளர்ந்த பிளேடில்தான் மரத்தின் ரேகைக்கு ஒரு பக்கம், முடிச்சுக்கு ஒரு பக்கம் என்று கண்டபடி ஓடும்.

அப்படியானால் வளைவுகள் மட்டும் எப்படிச் சரியாக வந்தன? வளைவில் நம் கண் பல்லின் முன்னால் உள்ள கோட்டை விட்டு விலகுவதே இல்லை. கை ஒவ்வொரு நொடியும் பலகையைத் திருப்பிக்கொண்டே இருக்கிறது. பிளேடின் ஓட்டத்தையும் அந்தத் திருப்பத்தோடு சேர்த்துக் கை தானாகவே ஈடுகட்டிவிடுகிறது. நேர்கோடு என்றதும் மேசைக்கு நேராகப் பலகையை வைத்து, நேராகத் தள்ளுகிறோம். கை திருத்துவதை நிறுத்துகிறது, பிசிறு தன் வேலையைக் காட்டுகிறது.

சரிசெய்வது எளிது. ஒரு கழிவுப் பலகையில் நீளமாக ஒரு நேர்கோடு போடுங்கள். எந்த வழிகாட்டிக் கட்டையும் வைக்காமல், பிளேடு கோட்டிலேயே இருக்கும்படி கையால் திருப்பித் திருப்பி வெட்டுங்கள். பாதி வந்ததும், போராட்டமே இல்லாமல் கோட்டோடு போகிறது என்று தோன்றும் இடத்தில், பலகையை அசைக்காமல் மெஷினை நிறுத்துங்கள். கோடு இப்போது உங்களைப் பார்த்து நேராக வராது. உங்கள் பக்கத்து முனை சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வை மேசை மேல் ஒட்டிய டேப்பில் கோடாக இழுத்துவிடுங்கள். அந்த பிளேடு பாக்கெட் தீரும்வரை நேர்கோடுகளை அந்தச் சாய்விலேயே தள்ளுங்கள். சிலர் மெஷின் ஓடும்போது ஒரு சாணைக்கல்லைப் பிளேடின் வலப்பக்கம் லேசாகத் தொடவைத்துப் பிசிறை எடுத்துவிடுவார்கள். அதற்குக் கண்ணாடி மாட்டிக்கொள்வது கட்டாயம். பற்களைச் சாணை பிடித்தே செய்த பிளேடுகளும் கிடைக்கின்றன. விலை கூடுதல், ஓட்டம் மிகக் குறைவு.

இப்போது ராசிக்கு வருகிறேன். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கருவிக்கு மரியாதை செய்யும் நாள் அது. ஆனால் 'ராசி இல்லை' என்பது வேறு. அது கேள்வியை அந்த இடத்திலேயே மூடிவிடுகிறது. அந்த நண்பர்கள் தங்களுக்குத் தெரியாமலேயே நல்ல பரிசோதனை ஒன்றைச் செய்து முடித்திருக்கிறார்கள். வீடு மாறியது, கை மாறியது, கிழமை மாறியது, விளைவு மாறவில்லை. ஆகவே வீடும் கையும் கிழமையும் காரணமில்லை. வரைபடங்களை விட்டால், கூடவே பயணம் செய்தவை மெஷினும் பிளேடு பாக்கெட்டும் மட்டுமே. மெஷினை வைத்துக்கொண்டு பிளேடு வகையை மாற்றிப் பார்த்தால், மிச்சச் சந்தேகமும் தீர்ந்துவிடும். ஒரு பொருளைப் பலர் பகிர்ந்துகொள்ளும்போதுதான் இப்படிப்பட்ட ஒப்பீடு இலவசமாகக் கிடைக்கிறது. தனியாக ஒரே வீட்டில் வைத்து வெட்டுகிறவருக்கு இது கிடைக்காது.

இதனால்தான் கருவிகளைப் பொதுவில் வைப்பதை நான் இவ்வளவு வற்புறுத்துகிறேன். பள்ளிகளில் மாணவர்கள் கருவிகளோடு செய்து பழக அறை அமைக்கும் மத்திய அரசுத் திட்டம், 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப். அதில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் உண்டு. நல்ல செலவு. ஆனால் அறையைப் பூட்டி வைத்தால் பயன் பாதிதான். சனி, ஞாயிறுகளில் அவற்றைத் தெருவாசிகளுக்கும் திறந்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வடசென்னையில் ஓய்வுபெற்ற பிட்டரும் டர்னரும் ஆசாரியும் இல்லாத தெரு எங்கே இருக்கிறது? அவர்கள் கைக்குப் பக்கத்தில் மாணவர்களை உட்கார வைக்காமல் 'திறன் மேம்பாடு' என்று தனியாகப் பணம் ஒதுக்குவது எனக்குப் புரியவில்லை.

வாசகரின் நண்பர்கள் வரைபடத்தோடு சேர்த்துப் பகிர வேண்டிய இன்னும் சில விவரங்கள். பிளேடின் எண், பல்லின் வகை, கண்டுபிடித்த சாய்வு, மூன்றையும் பாக்கெட் மேலேயே எழுதிவிடுங்கள். 6 மி.மீ பிளைவுட்டில் 19 மி.மீ வீச்சு என்றால், பிளேடில் 25 மி.மீ நீளம்தான் உழைக்கிறது. அது மழுங்கியதும் மேசை மேல் ஒரு பலகையைப் போட்டு வேலையை உயர்த்தினால் மேலே உள்ள புதுப் பற்கள் வேலைக்கு வரும். கடற்காற்று அடிக்கிற தண்டையார்பேட்டை வீட்டில் பிளேடுகளை லேசாக எண்ணெய் தடவி மூடிய குழாயில் வையுங்கள், இல்லையென்றால் துருப்பிடிக்கும். மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே வகைப்படுத்திவிட்டது. ஆகவே முகக்கவசம் மெஷினோடு சேர்ந்தே பயணிக்கட்டும், ஆளுக்கொன்று தனியாக.

கடைசியாக, கடிதத்தின் ஓரத்தில் அவர் கேட்டிருந்த சின்னக் கேள்வி: கோலம் வெட்டும் முன் எத்தனை துளை போட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? முடியும். கோட்டைத் தடிப்பாக விட்டுவிட்டு உள்ளே அடைபட்ட ஒவ்வொரு பகுதியையும் எடுக்கிறோம். ஒவ்வொரு பகுதிக்கும் பிளேடை நுழைக்க ஒரு துளை வேண்டும். கோடு எங்கும் அறுபடாமல் ஒரே இழையாக இருந்தால், அது தன்னைத் தானே எத்தனை இடத்தில் வெட்டிக்கொள்கிறதோ, அதைவிட ஒன்று கூடுதலான பகுதிகள் உள்ளே இருக்கும். எட்டு வடிவத்தில் ஒரு வெட்டு, இரண்டு துளை. கணிதமேதை ஆய்லரின் சூத்திரத்திலிருந்து நேராக வருவது இது. 24 இடத்தில் வெட்டிக்கொள்ளும் கோலத்துக்கு 25 துளை. வெளியே சதுரச் சட்டம் வைத்தால், கோலத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் உள்ள இடைவெளிகளைத் தனியாக எண்ணிச் சேர்த்துக்கொள்ளுங்கள். முனையில் 'பின்' (மாட்டுவதற்கான குறுக்கு ஊசி) வைத்த பிளேடுக்குத் துளை பெரிதாக வேண்டும், சிறு பகுதிகளில் அது கோட்டையே தின்றுவிடும். 'பின்' இல்லாத பிளேடு வாங்குங்கள்.