மாதவிடாய் வராதவருக்கு ஐவிஎஃப் எந்த நாளில் தொடங்கும்?

ஐவிஎஃப் (சோதனைக்குழாய் முறைக் கருத்தரிப்பு) தொடங்கக் கேட்டால், "பீரியட்ஸ் வந்த ரெண்டாம் நாள் வாங்க" என்று சொல்லி அனுப்புகிறார்கள். நான்கைந்து மாதமாக மாதவிடாயே வராதவருக்கு அந்த இரண்டாம் நாள் எப்போது வரும்? அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஆனால் வரவழைக்கும் மாத்திரைக்கு முன்னால், ஏன் நின்றது என்று தெரிந்தாக வேண்டும். முட்டைகளை வளர்க்கப் போடும் ஊசியின் வகையும் அளவும் அதைப் பொறுத்தே மாறும்.

முதலில் கர்ப்பப் பரிசோதனை. எப்போதாவது ஒரு முட்டை வெளிவந்து, மாதவிடாய் வராமலே கரு தங்கியிருக்கலாம். பிறகு ரத்தத்தில் ஹார்மோன் பரிசோதனைகள்: டிஎஸ்எச் (தைராய்டுக்கு), புரோலாக்டின் (பால் சுரக்கவைப்பது), எஃப்எஸ்எச், எல்எச் (சினைப்பையை இயக்குபவை), எஸ்ட்ரடையால் (ஈஸ்ட்ரோஜன் வகை), ஏஎம்எச் (முட்டை இருப்பைக் காட்டுவது). கூடவே பிறப்புறுப்பு வழியாக எடுக்கும் உள்வழி ஸ்கேன். புரோலாக்டின் கூடியிருந்தால் வீட்டு மருந்து டப்பாவையும் பாருங்கள். கேஸ், வாந்திக்குப் போடும் டாம்பெரிடோன், லெவோசல்பிரைடு கலந்த மாத்திரைகளே அதை ஏற்றிவிடும். தைராய்டோ புரோலாக்டினோதான் காரணம் என்றால், அதைச் சரிசெய்ததும் பலருக்கு மாதவிடாய் திரும்பிவிடும். ஐவிஎஃப் தேவைப்படாமலும் போகலாம். பிசிஓஎஸ் (முட்டை சரியாக வெளிவராத சினைப்பைக் கோளாறு) இருந்து, கருக்குழாயும் விந்தணுவும் நன்றாக இருந்தால், முட்டையை வெளிவரச் செய்யும் லெட்ரோசோல் மாத்திரையை முயன்று பார்க்காமல் ஐவிஎஃப்புக்கு அவசரப்பட வேண்டாம்.

மாதவிடாயை வரவழைக்கப் பெரும்பாலும் மெட்ராக்சிபுரோஜெஸ்டிரோன் மாத்திரை தினம் 10 மி.கி., 5 முதல் 10 நாள் தருவோம். நிறுத்திய ஒரு வாரத்துக்குள் ரத்தப்போக்கு வந்தால், உடலில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது, கர்ப்பப்பை உட்சுவர் வளர்ந்திருக்கிறது என்று பொருள். முட்டை வெளிவந்ததாகப் பொருள் இல்லை. வராவிட்டால் அதே மாத்திரையைத் திரும்பத் திரும்பப் போடுவதில் பயனில்லை. ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவாக இருக்கலாம். அல்லது கருக்கலைப்புச் சுத்தம் செய்ததாலோ காசநோயாலோ கர்ப்பப்பைக்குள் ஒட்டுதல் உண்டாகியிருக்கலாம். ஒட்டுதலை ஹிஸ்டெரோஸ்கோபியில் (கர்ப்பப்பைக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்க்காமல் கருவை உள்ளே வைப்பது அருமையான கருவை வீணாக்குவது.

கருக்களை உறையவைக்கத்தான் போகிறோம் என்றால் ரத்தப்போக்கு இல்லாமலும் ஊசியைத் தொடங்கலாம். கர்ப்பம் இல்லை, ஸ்கேனில் சினைப்பை அமைதியாக (வளர்ந்த முட்டைப் பையோ நீர்க்கட்டியோ இல்லாமல்) இருக்கிறது என்பது உறுதியானால் போதும்.

பிசிஓஎஸ் உள்ளவரின் சினைப்பை ஊசிக்கு அளவுமீறி எகிறும். அதனால் தினம் 150 யூனிட் அல்லது அதற்கும் கீழே தொடங்கி, ஆன்டகனிஸ்ட் முறையில் (முட்டை முன்கூட்டியே வெளிவராமல் தடுக்கும் ஊசியோடு) கொண்டுபோய், முட்டை முதிர, எல்எச் போலச் செயல்படும் எச்சிஜி ஊசிக்குப் பதில், மூளையடிச் சுரப்பியையே எல்எச் சுரக்கவைக்கும் அகோனிஸ்ட் ஊசி போட்டு, எல்லாக் கருவையும் உறையவைப்பதே பாதுகாப்பு. வயிறு உப்பி, சிறுநீர் குறைந்து, மூச்சு வாங்கினால் அன்றே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும்.

எடை மிகக் குறைந்தோ கடும் உடற்பயிற்சியாலோ மாதவிடாய் நின்றவருக்கு நிலைமை நேர்மாறு. எல்எச் குறைவாக இருப்பதால் எஃப்எஸ்எச் ஊசி மட்டும் போதாது, எஃப்எஸ்எச்சும் எல்எச் செயல்பாடும் சேர்ந்த எச்எம்ஜி ஊசி வேண்டும். மூளையடிச் சுரப்பியிடம் போதிய எல்எச் இருக்காது என்பதால் அகோனிஸ்ட் ஊசியை நம்ப முடியாது, அங்கே எச்சிஜிதான். எடையைத் தேற்றிய பிறகு தொடங்குவது தாய்க்கும் குழந்தைக்கும் நல்லது.

உறைந்த கருவை வைக்க எஸ்ட்ரடையால் மாத்திரை, வழக்கமாகத் தினம் 6 மி.கி., ஏறக்குறைய இரண்டு வாரம். உட்சுவர் 7 மி.மீ. தாண்டியதும், கர்ப்பத்தைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோன் சேரும். ஐந்து நாள் வளர்ந்த கருவை, புரோஜெஸ்டிரோன் தொடங்கிய ஆறாம் நாளில் வைப்போம். இந்த முறையில் முட்டை வெளிவராததால் சினைப்பையிலிருந்து புரோஜெஸ்டிரோன் கிடைக்காது. ரிசல்ட் பாசிட்டிவ் வந்துவிட்டதே என்று நிறுத்தினால் கர்ப்பம் கலையும். நஞ்சுக்கொடி பொறுப்பேற்கும் 10 – 12 வாரம் வரை மருந்து தொடர வேண்டும். இடையில் திட்டுத்திட்டாக ரத்தம் பட்டாலும் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.